நீல சிலிண்டரைத் தர மறுத்த ஞாயிற்றுக்கிழமை

இது நடந்தது 108 ஆம்புலன்ஸ் எங்கள் பக்கம் ஓட ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால். இடம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இருந்த ஒரு சவுக்குத் தோப்பு. அப்போது நாங்கள் கூடுவாஞ்சேரியில் குடியிருந்தோம். நானும் என் கணவரும், அவருடைய அலுவலக நண்பர் ஒருவருமாகச் சேர்ந்து, விடுமுறை நாட்களில் ஒரு சின்ன ராக்கெட் செய்துகொண்டிருந்தோம்.

ராக்கெட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முழங்கை நீளத்தில் ஒரு உலோகக் குழாய். அதற்குள் மெழுகுபோல ஒரு திட எரிபொருள். அது எரிவதற்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை உள்ளே செலுத்த வேண்டும். சிரிப்பு வாயு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்கம் கொடுக்க டாக்டர்கள் பயன்படுத்துவதும் இதைத்தான். பாதி திட எரிபொருள், பாதி வாயு என்பதால் இதற்கு ஹைப்ரிட் ராக்கெட் என்று பெயர். எங்களுடையது பறக்காது. தரையில் புதைத்த கான்கிரீட் கட்டையில் அதை இறுக்கிக் கட்டிவைத்து, சில விநாடிகள் எரியவிட்டு, எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று அளப்போம். அவ்வளவுதான் எங்கள் ஆசை.

ராக்கெட்டை அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். சிலிண்டர்களை நிறுத்துவது, ஹோஸ் மாட்டுவது, வால்வுகளைச் சரிபார்ப்பது என்று தரையில் இருக்கும் வேலையெல்லாம் என் பொறுப்பு. நான் வேலை பார்த்தது ஐ.டி. கம்பெனியில். ஆனாலும் படித்தது மெக்கானிக்கல் என்பதால் இந்த வேலையை விரும்பித்தான் எடுத்துக்கொண்டேன். செங்கல்பட்டில் மருத்துவ கேஸ் விற்கும் ஒரு கடையில், எதற்கு என்று சொல்லியே நீல நிற நைட்ரஸ் சிலிண்டர் வாங்கினோம். குழாயைக் கடைசியில் சுத்தப்படுத்துவதற்கு ஒரு நைட்ரஜன் சிலிண்டரும் இருந்தது. இரண்டையும் எங்கள் ஆம்னி வண்டியில் படுக்கவைத்துக் கட்டி, திருக்கழுக்குன்றம் வழியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போவோம். தோப்பு நண்பரின் மாமாவுக்குச் சொந்தமானது. பஞ்சாயத்திலும் சொல்லிவைத்திருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இரும்புச் சட்டத்தில் நீல சிலிண்டரைச் சாய்த்து வைத்துச் சங்கிலியால் கட்டினேன். வெயில் பட்டால் உள்ளே அழுத்தம் ஏறும் என்பதால் ஈரச் சாக்கு போர்த்தினேன். சோப்பு நுரை தடவி எங்கும் கசிவு இல்லை என்று பார்த்த பிறகு வால்வைத் திறந்துவிட்டு, மூன்று பேரும் தூரத்தில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். ராக்கெட்டின் மேலிருந்த சின்ன டாங்க்கில் வாயு நிரம்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் போகக் கூடாது.

அப்போதுதான் கடல் பக்கமிருந்து ஒருவர் ஓடிவந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். லுங்கி, வெற்று உடம்பு. அவருக்குப் பின்னால் இரண்டு ஆண்களும் ஒரு இளம்பெண்ணும். நாங்கள் கையை ஆட்டிக் கத்தினோம். அவர் காதில் வாங்கவில்லை. நேராகப் போய் நீல சிலிண்டரைக் கட்டிப்பிடித்துச் சங்கிலியை இழுக்க ஆரம்பித்தார்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. முதலில் வால்வை மூடினேன். பிறகுதான் அவர் கையைப் பிடித்தேன்.

"வுடும்மா. எம் பொஞ்சாதிக்கு மூச்சு வாங்குது. உதடெல்லாம் நீலமா பூட்ச்சி. போன தபா ஆஸ்பத்திரில இத்தத்தான் நிக்க வச்சி மூக்குல மாட்டினாங்க. கொஞ்ச நேரம் குடு, திருப்பிக் கொண்டாந்து வச்சிடறேன்."

அவர் மனைவிக்கு ஆஸ்துமா. காலையிலிருந்து மூச்சு திணறியிருக்கிறது. மாத்திரைக்கு அடங்கவில்லை. பக்கத்துக் குடியிருப்பில் இருந்த ஒரே ஆட்டோவும் கல்யாணச் சவாரிக்குப் போய்விட்டது. ரோட்டுக்கு வண்டி தேடி ஓடும்போது எங்கள் சிலிண்டர் நினைவுக்கு வந்திருக்கிறது. நாங்கள் அதை இறக்கியதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

"அண்ணே, இது ஆக்சிஜன் இல்ல. இது வேற கேஸ். இத மூக்குல வச்சா மூச்சே நின்னுடும்" என்றேன்.

அந்த இளம்பெண் அவருடைய தங்கை. அவள் குனிந்து, சாக்கை விலக்கி, சிலிண்டரில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அண்ணா, மெடிக்கல்னு போட்டுக்கீது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் சொன்னதும் உண்மை, அவள் படித்ததும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று விளக்க எனக்கு நேரம் இல்லை.

நிலைமையை இன்னும் மோசமாக்கியது எங்கள் நண்பர்தான். அவர் நல்ல மனிதர். பதறிப்போய்விட்டார். என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "கொஞ்சமா குடுத்துப் பார்க்கலாமா? பல் டாக்டர்ங்ககூட இத குடுக்கறாங்களே" என்றார்.

"அவங்க ஆக்சிஜன் கலந்து குடுப்பாங்க. நம்மகிட்ட அது இல்ல. தனியா குடுத்தா உயிர் போயிடும்" என்றேன்.

நண்பர் சொன்னது மட்டும்தான் அந்த மனிதர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறியது. கெஞ்சல் போய்விட்டது. "குடுக்கலாம்னு அவரு சொல்றாரு. நீதான் குடுக்க மாட்டேன்ற" என்றார். கூட வந்த இருவரும் நெருங்கி வந்தார்கள்.

என் கணவர் நடுவில் வந்து நின்று, "எங்ககிட்ட வண்டி இருக்கு. அவங்கள உடனே மாமல்லபுரம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போலாம். அதுதான் இப்ப நம்மால முடியும்" என்றார். பிறகு என்னிடம், "நீ ஓட்டு. டாங்க்ல இருக்கறத நாங்க காலி பண்ணணும். இத்தனை பேர் இருக்கற எடத்துல இப்படியே விட்டுட்டுப் போக முடியாது" என்றார்.

அந்த மனிதர் ஒரு கணம் சிலிண்டரைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். ஓடிவந்து முன் சீட்டில் ஏறினார். தங்கை பின்னால் ஏறினாள். அந்த இரண்டு ஆண்களும் வரவில்லை. அங்கேயே நின்றுவிட்டார்கள். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அவர்கள் குடியிருப்பில் இருந்தவை சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள். ஒரு வீட்டு வாசலில் அவர் மனைவி இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை மேலே ஏறி இறங்கியது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். வார்த்தை வரவில்லை. படுக்கவைக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே இருக்கட்டும் என்று நான் சொன்னதும், அண்ணனும் தங்கையுமாகத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள்.

வண்டியை ரோட்டுக்குத் திருப்பும்போது தோப்பிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பிரஷர் குக்கரின் சீறலைப் பல மடங்கு பெரிதாக்கியதுபோல ஒரு சத்தம். சவுக்கு மரங்களுக்கு மேலே வெள்ளைப் புகை எழுந்து கடல் காற்றில் கலைந்தது. என் கணவர் டாங்க்கைக் காலி செய்கிறார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கழுத்தைத் திருப்பி, அது மறையும் வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

"காத்துல வுடறதுக்குக் கீது. இவளுக்கு இல்ல."

என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது. ஏன் அதை வெளியே விட வேண்டியிருக்கிறது என்று நான் ஓட்டிக்கொண்டே விளக்க ஆரம்பித்தேன். அழுத்தம், வெயில், வெடிக்கும் ஆபத்து என்று என்னென்னவோ சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பின் சீட்டிலிருந்து விசில்போல வந்துகொண்டிருந்த மூச்சுச் சத்தத்துக்கு நடுவில், நான் பேசியது எனக்கே அபத்தமாகப் பட்டது. நிறுத்திக்கொண்டேன்.

பேச்சு நின்றதும் சந்தேகம் வந்தது. நான் படித்தது சரிதானா? ஒருவேளை கொஞ்சம் கொடுத்திருக்கலாமோ? தனி நைட்ரஸை சுவாசித்தால் நுரையீரலில் ஆக்சிஜனுக்கு இடமே இருக்காது என்பது எனக்கு எத்தனையோ முறை படித்துத் தெரிந்த விஷயம். வேறு எந்த நாளிலும் என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதையே மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது.

மாமல்லபுரம் திருப்பத்தில் டூரிஸ்ட் பஸ்கள் வரிசையாக நின்றன. ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் மண்ணில் இறக்கி ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற உடனே அவர் மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். டூட்டியில் இருந்த டாக்டரம்மா கேள்வி எதுவும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஊசி போட்டார்கள். முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மூலையிலிருந்து ஒரு சிலிண்டரை உருட்டி வந்தார்கள். கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளை; ஆக்சிஜன் சிலிண்டரின் நிறம். வாசலிலிருந்து பார்த்த எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். தங்கை கொஞ்சம் தள்ளி நின்றாள். உள்ளேயிருந்து வந்த விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் கேட்கவே இல்லை. எழுந்து எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தங்கைதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணி கண்ணு முழிச்சிப் பாக்குது. தண்ணி கேக்குது" என்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்தார். முதலில் கேட்டது என் செல்போனை.

"உங்க வூட்டுக்காரருக்குப் போட்டுக் குடும்மா."

போட்டுக் கொடுத்தேன். என் கணவரிடம், "எங்க ஆளு பக்கத்துல கீறான் இல்ல, அவன்கிட்ட குடு சார்" என்றார். கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "பொயச்சிகினா. அவங்கள வுட்டுடு."

அந்த இரண்டு பேர் தோப்பில் ஏன் நின்றுவிட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். "டாக்டரம்மாவ கேட்டேன். நீலக் கலரு சிலிண்டரு, இன்னா கேஸுன்னு. ஆபரேசனுக்கு மயக்கம் குடுக்கறதாமே. அத்த மட்டும் வச்சிருந்தா அப்டியே தூங்கிப் பூட்டிருப்பாளாம்."

நான் தலையாட்டினேன்.

"வண்டில வரசொல்ல நான் இன்னா நெனச்சிகினு வந்தேன் தெரியுமா? இவளுக்கு எதுனா ஆச்சின்னா, உன்னையும் வுடக்கூடாது, அங்க நிக்கறவங்களையும் வுடக்கூடாதுன்னு."

அதில் கோபமோ மன்னிப்போ இல்லை. நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"அது இன்னாத்துக்குமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

சொன்னேன். ராக்கெட்டின் நீளத்தைக் கையால் காட்டினேன்.

"எவ்ளோ ஒசரம் போவும்?"

"போகாதுண்ணே. கட்டி வச்சிடுவோம். அங்கயே எரியும்."

அவர் அதைச் சற்று யோசித்தார். சிரிக்கவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

நான் தோப்புக்குத் திரும்பியபோது என் கணவரும் நண்பரும் மணல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே அந்த இருவரும் இன்னும் இருந்தார்கள். போன் வரும்வரை ஒருவரோடொருவர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லையாம். அதன் பிறகுதான், சிலிண்டரைக் கழற்றி ஏற்றுவதற்கு ஒரு கை கொடுக்கட்டுமா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நான்கு பேருமாகத் தூக்கி ஏற்றினார்கள்.

அடுத்த சோதனைக்குப் போனபோது, எதையும் இறக்குவதற்கு முன் நேராகக் குடியிருப்புக்குப் போய், இது என்ன வாயு, இது யாருக்கும் மூச்சுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தோம். சிலர் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அந்த மனிதரின் மனைவியும் வந்திருந்தார். ராக்கெட் சில விநாடிகள் உறுமிவிட்டு அடங்கியது. "இதுக்கா இம்மாம் பாடு" என்று அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. அவருடைய குரலை நான் முழுதாகக் கேட்டது அப்போதுதான்.

பின்னால் வேலை மாற்றம், குழந்தை, ஊர் மாற்றம் என்று அந்தப் பொழுதுபோக்கு நின்றுபோனது. அன்று நான் மறுத்தது சரிதான் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நாளை நினைக்கும்போது என் முன்னால் வருவது என் சரி அல்ல. நான் பொய் சொல்கிறேன் என்று முழுதாக நம்பிய ஒரு மனிதர், வேறு வழியில்லாமல் தன் மனைவியை என் வண்டியில் ஏற்றி, அந்த வெள்ளைப் புகையைப் பார்த்தபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாரே, அந்தப் பயணம்தான். யாராவது என் பேச்சை நம்ப மறுக்கும்போதெல்லாம், கோபப்படுவதற்கு முன்னால், அவர் இடத்திலிருந்து அந்தப் புகையை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.