சாரல் காலத்துத் தர்மம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் தென்காசியில் வாத்தியார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒரு தர்ம சபைக்குக் காரியதரிசியாகவும் என்னைப் பிடித்துப் போட்டார்கள். பாளையங்கோட்டைப் பக்கத்துப் பணக்காரர் ஒருவர் ஊர்ப்பொதுக் காரியங்களுக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போன சொத்தை நிர்வகிக்கிற சபை அது. உதவி கேட்டு மனு வந்த இடத்தை நேரில் பார்க்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. நல்ல விதிதான். அதைக் கெடுத்தது குற்றால சீசன்.

சபை அங்கத்தினர்கள் அத்தனை பேரும் வெளியூர். ஆனி, ஆடியில் சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்குவார்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் குளியல், சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். அதற்கப்புறம் மோட்டாரில் ஏறி ஊர்களைப் பார்ப்பது. மற்ற மாதங்களில் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

சுந்தரபாண்டியபுரத்துக்குக் கிழக்கே ஒரு சேரியில் இருந்தவர்கள் குடிதண்ணீர்க் கிணறு கேட்டிருந்தார்கள். ஊர்க் கிணற்றில் சாதி பார்த்து அவர்களை அண்ட விடமாட்டார்கள். கோடையில் வற்றிய குளத்து மண்ணைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டுதான் குடத்தை நிரப்புவார்கள். இதெல்லாம் நான் கண்ணால் கண்டது.

நாங்கள் போனதோ ஆடியில். குளம் கரை முட்டிக் கிடந்தது. வாய்க்கால் சலசலவென்று ஓடியது. சபைத் தலைவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நின்றார்.

"தண்ணிக்கு இங்கன என்னவே குறைச்சல்?" என்று என்னைக் கேட்டார்.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். "சாமி, இப்பம் தண்ணி கெடக்கு. பங்குனி பொறந்தா நாக்கை நனைக்க இல்ல. போன கோடையில மூத்ததை வாந்திபேதியில பறிகுடுத்தேன். இந்தத் தடவையும் கிணறு இல்லன்னா புளியறை தாண்டி மலை எஸ்டேட்டுக்குத்தான் கூலிக்குப் போவணும். அங்க மலைக்காய்ச்சல்ல சாவுதாவளாம். எங்களுக்கு வேற போக்கு இல்ல சாமி" என்றாள்.

தலைவர் கொடுமைக்காரர் அல்ல. அவள் பிள்ளைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

அன்று சாயங்காலம் பங்களாவில் சபை கூடியது. சித்திரையில் ஒருமுறை வந்து பாருங்கள் என்று மன்றாடினேன். "சித்திரையில இங்கன என்னவே இருக்கு? வெயிலு மண்டையைப் பிளக்கும்லா!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதைத்தான்யா பார்க்கச் சொல்லுதேன்!" என்று கத்தியே விட்டேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அருவிக்கரையில் பெண்கள் ஈரச் சேலையோடு, மாற்றிக்கட்ட மறைவில்லாமல் நிற்பதை அவர்கள் தினமும் பார்த்தார்கள். அந்த வருஷத்துப் பணம் அங்கே மண்டபம் கட்டப் போயிற்று. அதை வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வது? அந்தப் பெண்கள் பட்ட பாடும் பொய்யில்லை.

மறு வருஷம் சாரல் விழுந்ததும் விடாப்பிடியாக அந்தக் கிணற்று மனுவையே முதலில் எடுத்தேன். தலைவரும் முகம் சுளிக்கவில்லை. "இன்னொரு தரம் பாத்திருவோம்" என்று மோட்டாரை எடுக்கச் சொன்னார்.

சேரியில் ஓர் அடுப்பும் புகையவில்லை. கூரைகள் உள்வாங்கிக் கிடந்தன. பக்கத்து வயலில் நடவு நட்டவர்களை விசாரித்தோம். கோடையிலேயே எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டார்கள் என்றார்கள். வாய்க்காலில் மட்டும் தண்ணீர் போன வருஷத்தைவிட அதிகம்.

"ஆளே இல்லாத இடத்துல கிணறு யாருக்குவே?" என்றார் தலைவர், வருத்தமாகத்தான். விதிப்படி நேரில் பார்த்தாயிற்று. மனு அங்கேயே தள்ளுபடி.

வண்டியில் உட்கார்ந்ததும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அந்தப் பெண்ணும் பிள்ளையும் எந்தக் காட்டில் காய்ச்சலாகக் கிடக்கிறார்களோ என்று நெஞ்சு பதறியது. தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாரல் ஒத்துக்கலையோ, வாத்தியாரே?" என்று தம் சால்வையை எடுத்து என் தோளில் போர்த்திவிட்டார்.