டிராவுக்கு இரண்டு அர்த்தம்

அகில இந்தியக் கால்பந்துக் கோப்பைக்கு நானும் ஆடியிருக்கிறேன் என்று சொன்னால் என் பேரன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கோப்பையை நான் கண்ணால் பார்த்ததில்லை என்பது உண்மைதான். அது வடக்கே எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. நாங்கள் ஆடியது யுத்த காலத்தில், ஆவடிப் பக்கம் ஒரு கட்டாந்தரையில்.

வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ள ஏற்படுத்திய கோப்பை அது. பிறகு போனால் போகிறதென்று நம் ஆட்களையும் சேர்த்தார்கள். அவர்களுக்கு பூட்ஸ், நமக்குக் கணுக்காலில் சுற்றிய பழந்துணி. ஆட்ட முறை எளிது. இரண்டிரண்டு அணியாகக் கோத்துவிடுவார்கள். தோற்றவன் அன்றோடு வீட்டுக்குப் போகலாம். ஊர்ப்புறத்து அணிகள் முதலில் ஒன்றையொன்று தீர்த்துக்கட்ட வேண்டும். மிஞ்சியது பட்டணத்துக்குப் போகும், அங்கே மிஞ்சியது ரயிலேறி வடக்கே போகும். பெரிய பட்டாள அணிகள் கடைசிச் சுற்றுகளில்தான் களத்தில் இறங்கும். லீக் ஆட்டத்தில் இன்று தோற்றால் அடுத்த வாரம் சரிக்கட்டிக்கொள்ளலாம். இதில் அந்தப் பேச்சே இல்லை. நாக்-அவுட் என்று பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை.

அந்த வருஷம் பட்டணத்திலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் பூந்தமல்லி அணிக்கு செக்ரட்டரி, பஜாரில் அத்தர் கடை வைத்திருந்த ஒரு பாய். இங்கிலீஷை எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிந்தவர் எங்களில் அவர் ஒருவர்தான். முதல் ஆட்டம் அம்பத்தூரோடு என்று படித்தார். கடைசியில், டிராவின்படி அணிகள் அடுத்த சுற்றுக்கு முன்னேறும் என்று ஒரு வரி. பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார். ஆட்டம் டிரா ஆனால் இரண்டு அணியும் உள்ளே என்று விளக்கமும் சொல்லிவிட்டார். நாங்கள் நம்பினோம். ஆட்டம் சமமாக முடிந்தால் டிரா, அது ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும். யாரோடு யார் ஆடுவது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பதற்கும் இங்கிலீஷ்காரன் அதே சொல்லை வைத்திருக்கிறான் என்று யார் கண்டது?

எனக்கு அது வயிற்றில் பால் வார்த்தது. என் அக்காவை அம்பத்தூரில்தான் கொடுத்திருந்தது. அவள் புருஷன், என் மாமா, அந்த அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். ஆவடியில் புதிதாக வந்த பட்டாள டிப்போவில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற வேலை. இரண்டு குழந்தைகள். அந்த வீட்டு அடுப்பு அவருடைய கால் பலத்தில்தான் எரிந்தது. எங்கள் ஆட்டங்கள் எப்படி முடியும் என்று அக்காவுக்குத் தெரியும். போன வருஷம் ஒருவனுக்குத் தாடை பெயர்ந்தது, இன்னொருவனுக்கு ஒரு கண் போயிற்று.

ஆட்டத்துக்கு முன்னால் மாமா என்னைத் தேடி எங்கள் கரையான்சாவடிக்கு வந்தார். அம்பத்தூரிலும் யாரோ அந்த வரியை அப்படித்தான் படித்திருந்தார்கள். "ஆளுக்கு ஒரு கோல் மச்சான். நீயும் போ, நானும் போறேன். உங்க அக்கா நிம்மதியா கெடக்கட்டும்" என்றார். நான் சரி என்றேன்.

அப்படியே நடந்தது. அவர் என்னைத் தாண்டிப்போய் ஒரு கோல் போட்டார், நான் விட்டேன். பிறகு அவர் பந்தை என் காலடியில் தவறவிட்டார், நான் அதை முன்னால் அனுப்பினேன், எங்கள் ஆள் கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று. விசில் ஊதியதும் நாங்கள் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றோம். ரெஃப்ரீயாக வந்திருந்த ரயில்வேக்காரர் பாயிடம் ஏதோ சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். பாய் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். அடுத்த ஞாயிறு இதே ஆட்டம் மறுபடியும். ஒருவர் தோற்கும்வரை மறுபடியும் மறுபடியும்.

முதல் கல் யார் எறிந்தது என்று தெரியாது. நாங்கள் இருவரும் விட்டுக்கொடுத்ததை இரண்டு ஊர் ஜனமும் பார்த்திருந்தது. எங்கள் கேப்டன் வண்டிப் பட்டறையில் சம்மட்டி அடிப்பவர். என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதினார். "மாமனுக்கு உட்டுக் குடுத்தியா? அவன் ஊட்டுச் சோறு துன்னுகினு எங்க மானத்த விக்கிறியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். உதடு கிழிந்தது. மாமாவை அவர் ஊர்க்காரர்கள் மூங்கில் கழியால் அடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

மறு ஞாயிறு அவர் புருவத்தில் தையலோடு வந்தார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அவரும் தன்னை நிரூபித்தாக வேண்டும். ஆரம்பித்ததுமே அவர் முழங்கை என் வாயில் விழுந்தது, முன்பல் ஒன்று உள்ளங்கைக்கு வந்தது. பல்லைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினேன். அதற்குப் பிறகு அது ஆட்டமில்லை. ஒருவன் காது கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிய ஆடினான். எங்கள் கோல்கீப்பர் விரல் ஒடிந்து, கையை வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு நின்றார். கேப்டன் சொல்லித்தான் செய்தேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்கே வெறி பிடித்திருந்தது. அவரைக் கீழே தள்ளிப் பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மாமா பந்தோடு என்னை நோக்கி வந்தார். பக்கத்து ஆளுக்குத் தட்டிவிட்டார். பந்து போனதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் இடது காலை வீசி அவர் கணைக்காலில் உதைத்தேன். காய்ந்த விறகு முறிகிற சத்தம். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து வெள்ளையாக நின்றது. அவர் கத்தவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பந்து பூட்ச்சே மச்சான்" என்றார்.

அவரைத் தூக்கி ஓரமாகக் கிடத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவர்கள் பக்கம் ஓர் ஆள் குறைவு, நாங்கள் கோல் போட்டு ஜெயித்தோம். கேப்டன் என்னைத் தோளில் தூக்கினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

எலும்புக்குக் கட்டுப் போட்டார்கள். இரண்டே நாளில் காயம் அழுகி நாற ஆரம்பித்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் புதன்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை நான் அம்பத்தூர் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அக்கா முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். கூலிக்குக் குத்துகிற நெல். குழந்தைகள் இரண்டும் உமியில் விளையாடிக்கொண்டிருந்தன. வா என்று சொல்லவில்லை. குத்துவதை நிறுத்தினாள்.

"எந்தக் காலுடா?" என்று கேட்டாள்.

எது என்றேன்.

"எந்தக் காலால ஒதச்சே? அத்த நீட்டு."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு காலை நீட்டினேன். உலக்கையைப் பக்கவாட்டில் பிடித்து மூன்று அடி அடித்தாள். மூன்றாவது அடியில் அவளுக்கே கை ஓய்ந்துவிட்டது. உலக்கையைப் போட்டுவிட்டு, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கதறி அழுதாள். வீங்கிய இடத்தில் முந்தானையை நனைத்து ஒற்றினாள். நானும் அழுதேன்.

அவள் மடியில் இருந்தது என் வலது கால். இடது கால் ஞாயிற்றுக்கிழமை அடுத்த சுற்று ஆட்டத்துக்கு எனக்கு வேண்டியிருந்தது.