முட்டி இல்லாத கூறு

அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவள் தங்கை, பக்கத்து வீட்டு அக்கா, ஜீப் ஓட்டும் தம்பி. மரக்கிளையில் உரித்துத் தொங்கவிட்ட ஒரு கிடா. மற்ற கூறுக்காரர்கள் பாத்திரத்தோடு வர இன்னும் நேரம் இருந்தது.

சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டத்தில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் சேர்ந்து ஒரு கிடா பிடிப்போம். அறுப்பதும் கூறு போடுவதும் என் வேலை. ஈரல், கொழுப்பு, எலும்பு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் ஒவ்வொரு கூறிலும் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாருக்காவது குறைந்துவிட்டதோ என்று கறி தின்று முடித்த பிறகும் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

கொழுந்தியாள் கொச்சியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எலும்பு முனையில் வெள்ளையாக, வழுவழுப்பாக ஒட்டியிருக்கிற குருத்தெலும்பைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. அது ஏன் தேய்கிறது, தேய்ந்தால் ஏன் திரும்ப வளர்வதில்லை என்று பார்க்கிறார்கள். அதற்கு அறுத்த உடனே எடுத்த ஆட்டு முட்டி வேண்டும், மூட்டு திறக்காமல். நகரத்துக் கடைகளில் எவ்வளவு சொல்லியும் மூட்டிலேயே வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கிருமி புகுந்து, அவள் தட்டில் வளர்த்த செல்லெல்லாம் கெட்டுப்போய்விட்டன. இந்தத் தடவையும் கெட்டால் வேலையை நீட்டிக்க மாட்டார்கள். அதனால்தான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

முந்தின நாளே ரம்பத்தை எடுத்துத் துடைத்து வைத்தேன். என் கத்தியும் பழக்கத்தில் மூட்டைத் தேடித்தானே போகும்?

“என்ன மச்சான், கத்திய இப்படி முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? கிடாகூட இம்புட்டு பயப்படல,” என்றாள் கொழுந்தியாள்.

“அது ஒன்ன மாதிரி வாயும் பேசல. தள்ளி நில்லு.”

கத்தியை வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்தேன். தொடை நடுவில் ஒன்று, முட்டிக்குக் கீழே ஒன்று என்று அறுத்தேன். முட்டி சதையோடு மூடியபடியே வந்தது. இரண்டாவதையும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எழுந்து வந்தார். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஏலச்செடித் தூரில் குத்தவைத்துக் காய் பறித்தவர். இப்போது கையை ஊன்றாமல் எழ முடியாது.

“ஏப்பா, முட்டி ரெண்டும் எனக்குன்னு ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், சூப்பு வைக்க. அதப் போயி பெட்டியில வைக்கிற?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்னிடம் சொல்ல மறந்திருக்கிறாள்.

“விடுக்கா, முன்னங்கால வாங்கிக்க,” என்றான் ஜீப் தம்பி.

“நீ உக்காந்தே சம்பாதிக்கிறவன். ஒனக்கு முட்டி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?” என்றவர், கொழுந்தியாள் பக்கம் திரும்பினார். “ஏந்தாயி, இத வச்சு எனக்கு மருந்து கண்டுபிடிச்சுருவியா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று கொழுந்தியாளுக்குக் கண்ணைக் காட்டினேன்.

“இல்லக்கா. அது ஏன் தேயுதுன்னே இப்பத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். மருந்து வர எத்தன வருசம் ஆகும்னு தெரியாது. வராமலும் போகலாம்.”

“அப்ப எனக்கு இல்ல.”

“ஒங்களுக்கு இருக்காதுக்கா.”

“சூப்பு?”

“சூடா குடிச்சா எதமா இருக்கும். தேஞ்சத வளக்காது.”

பெட்டி மூடி திறந்தே கிடந்தது. அக்கா தன் முட்டியைத் தடவிக்கொண்டு நின்றார். தர மாட்டேன் என்று அவர் ஒரு சொல் சொன்னால் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். கூறு என்றால் அதுதான் முறை.

“எம் மருமக நேத்து முட்டி வலிக்குதுன்னா. இந்த வயசுலயே. கொண்டு போ,” என்றார் அக்கா. “ஆனா முட்டி இல்லாத கூறுக்கு முழுக்காசு தர மாட்டேன். நூத்தம்பது கொறச்சுத்தான்.”

கொழுந்தியாள் பையைத் திறந்தாள். “நான் தர்றேன்க்கா.”

“ஒங்காசு எதுக்கு? மருந்து வரட்டும், அன்னைக்கு மீதியத் தர்றேன்.”

ஜீப் தம்பி சிரித்த சிரிப்பில் கறிக்குக் காத்துக் கிடந்த நாய் எழுந்து ஓடியது. குமுளி வரை அவளை அவன்தான் கொண்டுபோய் விட்டான். டீசலுக்குக்கூட வாங்கவில்லை. அவள் பஸ்ஸில் போகும்போதே ஐஸ் உருகிவிட்டதா, வழியில் யாராவது பெட்டியைத் திறந்தார்களா என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“மச்சான், போன வைங்க. ஒங்க பயம் இந்த முட்டிக்கும் தொத்திக்கும்.”

சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். “செல்லெல்லாம் தட்டுல ஒட்டிப் பிடிச்சு வளருது மச்சான். கிருமி இல்ல, தண்ணி கலங்கவே இல்ல.” வேலையையும் நீட்டித்தார்கள். நான் நேராக அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பொய் சொல்லாத பிள்ளை, நல்லா வரும் என்றார். குறைந்த கூறை வாங்கிய ஒருவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததற்கு நான் கும்பிட்டுவிட்டேன்.

சம்பளம் வாங்கியதும் அக்கா நூற்றைம்பதைக் குறைத்துக் கூறுக் காசைக் கொடுத்துவிட்டார். கிடாக்காரருக்குக் குறைந்ததை நான் போட்டேன். கொழுந்தியாள் வரும்போதெல்லாம் அந்தக் காசை நீட்டுகிறாள். நான் வாங்குவதில்லை, அது அவள் கடன் இல்லை. அக்காவிடமிருந்து எனக்கு வர வேண்டியது இன்றைக்கும் நூற்றைம்பது ரூபாய்.