தாண்டிப் போன நம்பர்

ஜலீலுக்குச் சவுதிக்குப் போக மனமே இல்லை. காஜிமார் தெருவில் அவனோடு வளர்ந்தவர்களில் பாதிப் பேர் அங்கே வேலைக்குப் போய்விட்டார்கள். மனைவி சபியாவின் அண்ணன் பாதுஷா தம்மாமில் விசாவுக்குச் சொல்லி வைத்துவிட்டு, "மாப்ள எப்ப வாராரு?" என்று ஒவ்வொரு கடிதத்திலும் நச்சரித்துக்கொண்டிருந்தான். ஜலீல் பிடி கொடுக்கவில்லை. மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள்.

அவன் மலைபோல் நம்பியிருந்தது ஒரு மிஷினை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வாத்தியாரிடம் போய்ப் போய் மைக்ரோபிராசசர் கற்றுக்கொண்டு, தன் ரேடியோ ரிப்பேர் கடையிலேயே உட்கார்ந்து செய்தது. திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு குழந்தை டாக்டர் அதை ஆஸ்பத்திரியில் மாட்டச் சம்மதித்தார். டாக்டர் மேசையில் உள்ள சுவிட்சை ஒருமுறை அழுத்தினால், வெளியே சிவப்பு எழுத்தில் டோக்கன் நம்பர் ஒன்று கூடும். கம்பவுண்டர் தொண்டை கிழியக் கத்த வேண்டாம். இது நிலைத்துவிட்டால் மற்ற டாக்டர்களும் கேட்பார்கள், ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை என்பது ஜலீலின் கணக்கு.

மிஷினோ கழுத்தை அறுத்தது. ஒருமுறை அழுத்தினால் சில நேரம் இரண்டு தாண்டியது. விட்டுப்போனவர்கள் எழுந்து சத்தம் போட, கம்பவுண்டர் ஓடிவந்து உள்ளே அனுப்பினார். ஜலீல் கரண்ட்டைக் குறை சொன்னான். டியூப்லைட்டைச் சந்தேகப்பட்டான். ஒயரை மாற்றினான், கெப்பாசிட்டர் வைத்தான். கடைக்குக் கொண்டுவந்து அழுத்தினால் பச்சைப்பிள்ளை மாதிரி ஒன்று ஒன்றாகத்தான் கூடியது. "சரிபண்ணிட்டேன் டாக்டர்" என்று மறுபடி மாட்டிவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் என்னதான் நடக்கிறதென்று பார்க்க டாக்டர் அறையிலேயே போய் நின்றான். அப்போதுதான் கண்ணில் பட்டது. அவன் கட்டைவிரலால் ஓங்கி அழுத்துகிறவன். டாக்டரோ குழந்தையைப் பார்த்துக்கொண்டே ஒற்றை விரலால் மெல்லத் தொட்டார். அப்படித் தொடும்போது சுவிட்சுக்குள் இருக்கும் தகடு ஒட்டியும் விலகியும் துள்ளுகிறது. மிஷின் ஒவ்வொரு துள்ளலையும் ஓர் அழுத்தலாக எண்ணிக்கொள்கிறது. முதல் தொடுகைக்குப் பின் கண்ணிமைக்கும் நேரம் பொறுத்திருக்கும்படி புரோகிராமில் எழுதினால் போதும். இம்புட்டுத்தானா என்று சிரிப்பே வந்துவிட்டது.

அந்தச் சிரிப்போடு வெளியே வந்தவனை ஒருத்தி நிறுத்தினாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த சின்னத்தாய். மடியில் பிள்ளை துவண்டு கிடந்தது. எழுத்து தெரியாதவள், டோக்கனில் உள்ள வடிவத்தைச் சுவரில் வரும் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபடி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, இந்த நம்பரு எப்ப வரும்?"

ஜலீல் டோக்கனைப் பார்த்தான். அது எப்போதோ தாண்டிப் போயிருந்தது. அவளை இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போனான்.

"இம்புட்டு நேரம் என்னம்மா செஞ்ச?" என்று டாக்டர் பதறினார்.

"நம்பரு வரலீங்களே."

டாக்டர் தன் காரிலேயே பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ஜலீல் மிஷினைக் கழற்றிக்கொண்டு போய்ப் புரோகிராமைத் திருத்தினான். ஓங்கி அழுத்தினான், மெல்லத் தொட்டான், விரலை நடுங்கவிட்டும் தொட்டான். ஒன்றுக்கு ஒன்று என்று பிசகாமல் வந்தது. மறுநாள் காலையில் சரியாகிவிட்டதென்று சபியாவிடம் சொல்லிவிட்டு எடுத்துப்போனான்.

டாக்டர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பழையபடி கூப்பிட்டுக்கிறோம் ஜலீல். அந்தப் பிள்ளை பிழைக்கலை. முன்னாடியே பாத்திருந்தா பிழைச்சிருக்குமான்னு எனக்கே தெரியாது."

'சரிபண்ணிட்டேன் டாக்டர்' என்ற சொல் வாய் வரை வந்தது. போன வாரமும் அதைத்தானே சொன்னோம் என்று நினைத்துக்கொண்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீடு வந்தான்.

"வாரேன்னு உங்க அண்ணனுக்கு எழுதிரு" என்றான் சபியாவிடம்.

அவள் மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவனையே பார்த்தாள். "மிஷின் சரியாயிருச்சுன்னு காலையில சொன்னீங்களே?"

"சரியாத்தான் ஆயிருச்சு" என்றான் ஜலீல்.