வேலை செய்யும் சத்தம்

கோப்பாயில் பஞ்சலிங்கத்தாரின் வெங்காயத் தோட்டத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய ஒரே மகன் ஜெயதீபனைத்தான் ஊருக்கு அவ்வளவாகத் தெரியாது. பட்டம் முடித்துவிட்டு அரசாங்க வேலைக்காகக் காத்திருந்த வருடங்களில் அவன் வெளியில் தலைகாட்டியது குறைவு. கோயிலில் யாராவது, "மகன் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டால் பஞ்சலிங்கத்தார் வெங்காயத்தின் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார். அப்பா அப்படிப் பேச்சை மாற்றுவதைப் பக்கத்தில் நின்று இரண்டொரு தடவை கேட்ட பிறகு, ஜெயதீபன் அவரோடு கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டான்.

பிறகு கொழும்புக் கொம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது. கூட்டங்களிலும் நேர்காணல்களிலும் பதிவு செய்த பேச்சை அனுப்புவார்கள். அவன் வீட்டிலிருந்தபடியே ஹெட்போனில் கேட்டு, தமிழில் தட்டச்சு செய்து திருப்பி அனுப்பவேண்டும். நிவேதனாவைக் கலியாணம் செய்ததும் அந்த வேலையை நம்பித்தான். அவள் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். காலையில் பஸ் ஏறினால் பின்னேரம்தான் திரும்புவாள். ஜெயதீபனின் அம்மா காலமாகிவிட்டதால், பகலில் வீட்டில் இருந்தது அப்பாவும் மகனும் மட்டும்தான்.

பஞ்சலிங்கத்தாருக்கு அந்த வேலையில் முழு நம்பிக்கை வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, விடிந்தது முதல் ஒருவன் கதிரையில் இருப்பது அவருக்கு உழைப்பாகத் தெரியவில்லை. "உவன் உள்ளுக்கை படம் பாக்கிறானோ தெரியாது" என்று மருமகளிடம் ஒருநாள் சொன்னார். நிவேதனா அதைச் சிரிப்பாகத்தான் கணவனிடம் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரத்தில் அவனிடம் இருந்த கீபோட்டும் தேய்ந்து போயிருந்தது. சில எழுத்துகள் இரண்டு தரம் அழுத்தினால்தான் விழும். நாள் முழுக்க அடித்து விரல் மூட்டுகள் நொந்தன. மெக்கானிக்கல் கீபோட் வாங்கினால் விரலுக்கு இதம் என்று யூரியூப்பில் பார்த்திருந்தான். அங்கே காட்டியவை எல்லாம் அவன் கைக்கு எட்டாதவை. திருநெல்வேலியில் கம்பியூட்டர்க் கடை வைத்திருக்கும் கோகுலன், மலிவான சீனக் கீபோட்டுகள் வந்திருப்பதாகச் சொல்லி அவனை வரச்சொன்னான்.

கோகுலன் மூன்று கீபோட்டுகளைப் பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்தான். எல்லாம் ஒரே அளவு. வலப்பக்கத்தில் இலக்கங்கள் இருக்கும் பகுதி மூன்றிலும் இல்லை. வித்தியாசம் விசைக்கு அடியில் இருக்கும் சுவிச்சில்தான் இருந்தது. சிவப்புச் சுவிச் தடையில்லாமல் கீழே இறங்கியது. மண்ணிறம் பாதி வழியில் சற்று முட்டியது. நீலமும் முட்டியது, ஆனால் முட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தமும் போட்டது. ஜெயதீபன் ஒவ்வொன்றிலும் தன் பெயரை அடித்துப் பார்த்தான்.

"வீட்டிலை ஆக்கள் இருக்கினமெண்டால் சிவப்பை எடுங்கோ அண்ணை. நீலம் ஊருக்கே கேக்கும்" என்றான் கோகுலன்.

ஜெயதீபன் நீலத்தை எடுத்தான். மூன்றிலும் அதுதான் மலிவு என்று கோகுலனிடம் சொன்னான். அது உண்மைதான். ஆனால் சத்தம் கேட்கட்டும் என்ற நினைப்பும் அவனுக்குள் இருந்தது.

வாங்கி வந்த பிறகு அதனோடு பழகச் சில நாள் எடுத்தது. உயரம் கூடியதால் மணிக்கட்டு நொந்தது. ஒரு பலகைத் துண்டைச் சீவித் துணி சுற்றி முன்னால் வைத்தான். இடைவெளி விடும் நீள விசை கடகடவென்று ஆடியது. அதைக் கழற்றி, அடியில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர் துண்டை ஒட்டினான். ஆட்டம் நின்றது. அடியில் பல நிறங்களில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டான். விசைகளில் தமிழ் எழுத்து இல்லை. பாமினி தட்டச்சு முறையில் பழகிய விரலுக்கு அது தேவைப்படவுமில்லை. மற்றப்படி அது நல்ல கீபோட். எழுத்துத் தவறவில்லை, விரல் நோவும் குறைந்தது.

பெரிய மாற்றம் அறைக்கு வெளியில்தான் நடந்தது. முதல் நாள் தோட்டத்தால் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த பஞ்சலிங்கத்தார், சத்தத்தைக் கேட்டு யன்னலடிக்கு வந்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் றேடியோவைக் குறைத்து வைத்தார். பத்து மணியளவில் தேத்தண்ணி ஊற்றி, கதவைத் தட்டாமல், வாசலில் இருந்த ஸ்டூலில் வைத்து மூடிவிட்டுப் போகத் தொடங்கினார். வேலிக்கு அங்கால் இருக்கும் குணலட்சுமியிடம், "காலமை துவங்கினானெண்டால் மத்தியானம் வரைக்கும் கை ஓயாது" என்று அவர் சொன்னது அறைக்குள் இருந்தவனுக்கும் கேட்டது. அப்பா தன்னைப் பற்றி வெளியாளிடம் பெருமையாகக் கதைத்து அவன் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆடி மாதம் கொம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பதிவுகளைக் கேட்டு எழுதுவதை இனி மென்பொருள் செய்யும் என்றும், இதுவரை செய்த வேலைக்கு நன்றி என்றும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அன்றைக்கே சொல்லிவிடத்தான் நினைத்தான். மின்னஞ்சலை மூடிவிட்டுக் கதவைத் திறந்தான். ஸ்டூலில் தேத்தண்ணி இருந்தது. முற்றத்தில் அப்பா யாரோ ஒருவருக்கு, சத்தம் போட்டுக் கதைக்கவேண்டாம், மகன் வேலையில் இருக்கிறான் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். ஜெயதீபன் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். கீபோட்டில் கை வைத்தான்.

முதலில் வேலைக்கு விண்ணப்பங்களைத்தான் அடித்தான். பதில் வரவில்லை. பிறகு பத்திரிகைச் செய்தியைப் பார்த்து அடித்தான். அதுவும் அலுத்தபோது, கணினித் திரையில் எதையாவது பார்த்துக்கொண்டு விரல் போன போக்கில் அடித்தான். திரையில் அர்த்தமில்லாத எழுத்துகள் பக்கம் பக்கமாக நிறைந்தன. மாலையில் அவற்றை அழித்தான். சம்பளம் பிந்துகிறது என்று நிவேதனாவிடம் சொன்னான். அவள் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று பின்னால் அவன் நினைத்துக்கொண்டதுண்டு. அது பழியை அவள் தலையில் போடுவது என்றும் அவனுக்குத் தெரியும்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்த சொந்தக்காரர்களை அப்பா அறை வாசலுக்குக் கூட்டிவந்து, "உள்ளுக்கை வேலை நடக்குது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர்கள் போகும்வரை ஜெயதீபன் நிறுத்தாமல் அடித்தான். எல்லாவற்றையும்விட அந்தத் தேத்தண்ணியைக் குடிப்பதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. குடிக்காமல் விட்டால் அப்பா சுகமில்லையோ என்று கேட்பார். அதனால் தினமும் குடித்தான்.

புரட்டாதியில் வெங்காயம் கிண்டி எடுத்தார்கள். கூலிக்கு வந்தவர்கள் கிண்டிக் காயப்போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிடுவதற்கு இன்னும் காயவேண்டியிருந்தது. அன்று மத்தியானம் திடீரென்று வடக்கே கறுத்தது. பஞ்சலிங்கத்தார் தோட்டத்தால் வேகமாக வீட்டுக்கு வந்தார். பிறகு தனியாகத் திரும்பிப் போனார்.

அந்த நேரம் ஜெயதீபன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் விலை கூடிய கீபோட்டுகளை ஒவ்வொன்றாக அடித்துச் சத்தத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜெயதீபனின் விரல்கள் வழமைபோல் ஓடிக்கொண்டிருந்தன. மழை பிடித்தது அவனுக்குத் தெரியாது. யாரோ கதவை உள்ளே தள்ளியபோதுதான் திரும்பினான். குணலட்சுமி நனைந்து போய் நின்றாள்.

"தம்பி, கொப்பர் வாய்க்காலுக்கை விழுந்து கிடக்கிறார். எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன். உமக்குக் கேக்கேல்லையோ?"

சொல்லும்போதே அவள் பார்வை திரைக்குப் போனது. அங்கே கீபோட் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. ஆனால் அவள் பார்த்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

பஞ்சலிங்கத்தார் வெங்காயம் நிறைந்த கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வரம்பில் வந்தபோது வழுக்கியிருக்கிறார். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. இடுப்பிலும் அடி. சுற்றிவரச் சிதறிக் கிடந்த வெங்காயம் மழையில் ஊறிக்கொண்டிருந்தது. அப்பாவைத் தூக்கி நிமிர்த்தியபோது அவர் வலியைப் பற்றிச் சொல்லவில்லை. மிச்சத்தைப் படங்கு போட்டு மூடச் சொன்னார்.

பெரியாஸ்பத்திரியில் கைக்கு மாவுக் கட்டுப் போட்டுக் கட்டிலில் விட்டிருந்தார்கள். வேலையிடத்தில் இருந்து நேரே வந்த நிவேதனா, மழைக்குள் ஏன் தனியாகப் போனீர்கள், இவரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று மாமனாரைக் கேட்டாள்.

"கூப்பிடத்தான் வந்தனான் பிள்ளை. கதவடியிலை நிண்டனான். டக்குடக்கெண்டு சத்தம் கேட்டுது. வேலையைக் குழப்பக்கூடாதெண்டு திரும்பீட்டன்."

அவர் அதை மகன் மீது குறையாகச் சொல்லவில்லை. தான் செய்தது சரி என்ற குரலில்தான் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரருக்கும், மகன் கொம்பனி வேலை செய்வதை விளங்கப்படுத்தினார். ஜெயதீபன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு, அது நிறைந்திருந்தும், நிரப்பி வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

நிவேதனா அவனை வெளி விறாந்தையில் கண்டுபிடித்தாள். அவன் சுவரைப் பார்த்தபடி நின்று எல்லாவற்றையும் சொன்னான். வேலை நின்றதை, அவன் அடித்துக்கொண்டிருந்தது ஒன்றுமே இல்லை என்பதை, வீடியோவை. அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. சம்பளம் வராதபோதே தனக்குச் சந்தேகம் இருந்தது என்றாள். ஆனால் விடியக் காலையில் சமைத்து வைத்துவிட்டு ஓடும்போது, உங்களுக்கு வேலை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் ஓடினேன் என்றும் சொன்னாள். பிறகு, "மாமாவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்" என்றாள்.

அவன் சொல்லவில்லை. அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. மிஞ்சிய வெங்காயத்தைப் பொறுக்கிக் காயவைத்தான். குணலட்சுமி காட்டித்தரப் பிடி கட்டினான். பாதிக்கு மேல் அழுகிப்போனது. உன்னுடைய வேலை என்னாகும் என்று அப்பா கேட்டபோது, லீவு தந்திருக்கிறார்கள் என்றான். ஒரு பொய்யை விட்டு இறங்காமல் இன்னொன்றில் ஏறிவிட்டதை உணர்ந்தும், அதை அவன் திருத்தவில்லை. சாப்பாட்டு நேரங்களில்தான் அது தாங்கமுடியாமல் இருந்தது. இடது கையால் சாப்பிட்டுப் பழக்கமில்லாத மனுசன், கரண்டியால் சோற்றை அள்ளிப் பாதியைச் சிந்துவார். ஜெயதீபன் எதிரில் இருந்து அதைப் பார்ப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரவெட்டியில் இருந்து முத்துக்குமாரு பார்க்க வந்தார். பஞ்சலிங்கத்தாரோடு சிறு வயதில் ஒன்றாகப் படித்தவர். தன் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் என்றும், கை முறிந்தால் தண்ணீர் தரவும் ஆளில்லை என்றும் சொல்லிக் கவலைப்பட்டார். பஞ்சலிங்கத்தாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மகனின் கொம்பனியைப் புகழத் தொடங்கினார். தகப்பனுக்குச் சுகமில்லை என்றவுடன் இவ்வளவு நாள் லீவு கொடுக்கிற இடம் எங்கே இருக்கிறது என்றார். இவன் இல்லாமல் அங்கே வேலை ஓடாதாம் என்று, மகன் ஒருநாளும் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னார்.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற ஜெயதீபன் அதைக் கீழே வைத்தான்.

"எனக்கு வேலை இல்லை அப்பா. ஆடி மாசத்தோடை நிப்பாட்டிப்போட்டாங்கள். அண்டைக்கு நீங்கள் கதவடியிலை கேட்டது வேலையில்லை. நான் சும்மா அடிச்சுக்கொண்டிருந்தனான்."

முத்துக்குமாரு கோப்பையைக் கையில் எடுத்து, ஊதினார். அது ஆறித்தான் இருந்தது. பிறகு பஸ்ஸின் நேரத்தைச் சொல்லி எழுந்தார். ஜெயதீபன் அவரை வாசற் படலை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபோது அப்பா அதே கதிரையில் இருந்தார். மாவுக் கட்டை மடியில் வைத்திருந்தார். மகனின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"முத்துக்குமாருக்கு முன்னாலை அதைச் சொல்லத்தான் வேணுமோ?"

ஜெயதீபன் இதை எதிர்பார்க்கவில்லை. ஏசுவார் என்று நினைத்திருந்தான். ஏன் ஏமாற்றினாய் என்று கேட்பார் என்று நினைத்திருந்தான். அவனுடைய பாரத்தை இறக்கி வைக்க அப்பாவின் மானத்தைக் கூட்டாளிக்கு முன்னால் பறித்துவிட்டான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தனியாகச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அதற்கு நேரம் இருந்தது.

பிறகு கொஞ்ச நாள் அப்பா அவனோடு தோட்டத்தைப் பற்றி மட்டும் கதைத்தார். மேற்குப் பக்கத்துக்குத் தண்ணீர் காணாது, எருப் போடவேண்டும், அவ்வளவுதான். மாவுக் கட்டு வெட்டிய பின்னும் மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. மண்வெட்டி பிடிக்க முடியவில்லை.

மார்கழியில் கோகுலன் ஒரு அச்சகத்தில் சொல்லி வேலை எடுத்துக் கொடுத்தான். இறந்தவர்களின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு அடிக்கும் நினைவு மலர்களைத் தட்டச்சு செய்யும் வேலை. வாழ்க்கை வரலாறு, தேவாரம், நன்றி நவிலல். மென்பொருளுக்குப் புரியாத கையெழுத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஜெயதீபன் நீலச் சுவிச் கீபோட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தான். மெசின் ஓடும் இடத்தில் அதன் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை. காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான். சம்பளம் முந்தியதைவிடக் குறைவு.

பஞ்சலிங்கத்தாரின் கை ஏன் இப்படி என்று இன்னமும் ஆட்கள் கேட்கிறார்கள். தை மாதம் கோயில் வீதியில் ஒருவர் கேட்டபோது ஜெயதீபனும் பக்கத்தில் நின்றான். அப்பாவோடு கோயிலுக்கு வரத் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

"மழை" என்றார் பஞ்சலிங்கத்தார். "அண்டைக்குச் சரியான மழை."

ஜெயதீபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டவர் போன பிறகு பார்த்தபோது, அப்பாவின் சால்வை தோளில் இருந்து நழுவியிருந்தது. மடங்காத வலது மணிக்கட்டோடு அதை எடுத்துப் போட அவர் சிரமப்பட்டார். அவன் எடுத்துப் போட்டுவிட்டான். இருவரும் உள்ளே போனார்கள்.