சிவப்பு அம்பு ஒட்டும் பில்கிஸ்

பில்கிஸ் ஒரு ஷூவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தால், ஒன்று தையல் பிசகியிருக்கும். இல்லை, அவளுக்குத் தலை சுற்றியிருக்கும். இடது கை மேசை விளிம்பைப் பற்றியிருந்தால் இரண்டாவதுதான்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆறு வருடம் உட்கார்ந்து நூல் வெட்டியவள், போன மாதம்தான் செக்கிங் மேசைக்கு வந்தாள். குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். என்ன அதிகாரம்! ஆனால் நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. வயிற்றிலோ ஐந்தாவது மாதம். தலை சுற்றுகிறது என்று சொன்னால் மறுபடியும் நூல் வெட்ட அனுப்பிவிடுவார்களே என்று வாயைத் திறக்கவில்லை. சுற்றல் நிற்கும்வரை கையிலிருக்கும் ஷூவை உற்றுப் பார்ப்பாள். அவ்வளவு நேரம் பார்த்துவிட்டுச் சும்மா விட முடியுமா? ஓர் அம்பை ஒட்டிவிடுவாள்.

பாவம் சூப்பர்வைசர் நிசார் அஹமது. இல்லாத குறையைத் தேடித் தேடி மூக்குக்கண்ணாடியையே மாற்றிவிட்டார்.

"இன்னாம்மா, ஒண்ணுமே தெரியலியே?"

"வெளிச்சத்துல பாருங்க பாய்."

நேற்று அம்பை ஒட்டிய கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனி நர்ஸ் எப்சி அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், இடப்பக்கமாகப் படுக்கவைத்து பி.பி. பார்த்தாள்.

"காலைல இன்னா சாப்ட்ட?"

"டீ, சிஸ்டர்."

"டீ ஒரு சாப்பாடா? கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்டு. தண்ணி நல்லா குடி. ஒரே எடத்துல நிக்காத, எழுந்தா மெதுவா எழுந்திரு. சுத்துனா உடனே உக்காரு. இன்னிக்கே டாக்டர பாரு, ரத்தம் கம்மியான்னு டெஸ்ட் எடுப்பாங்க. மயங்கி வுழுந்தாலோ, ரத்தம் பட்டாலோ ஒரு நிமிஷம்கூட நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடு."

"பாய்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. செக்கிங் போய்டும்."

பாய் வாசலில்தான் நின்றிருந்தார், கையில் அந்த ஷூவோடு.

"அப்ப இதுல குறையே இல்லியா?"

"இல்ல பாய்."

திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவரோ பெருமூச்சு விட்டார். தன் கண்ணில் கோளாறில்லை என்ற நிம்மதி அவருக்கு.

இன்று காலை செக்கிங் மேசையருகே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது.

"இனிமே உக்காந்தே செக் பண்ணு."

பில்கிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. உட்கார்ந்தாள். ஆடியது. தலையா, ஸ்டூலா? மெதுவாக எழுந்து, கொஞ்சம் நிதானித்து, ஸ்டூலைக் கையால் அசைத்துப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கி மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்து, குட்டையாக இருந்த காலில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி, நிசார் அஹமதின் பக்கம் நகர்த்தினாள்.