அடக்கிக்கொண்ட பிள்ளை

நான் தாராவிக்கு வந்து சேர்ந்தபோது என் மகனுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் பழைய எண்ணெய் டின்களை வெட்டி முறமும் புனலும் செய்கிற தகரப் பட்டறையில் வேலை பார்த்தார். எங்களுக்கென்று தனி ரூம் கிடையாது. அவருடைய அண்ணனும் அண்ணன் மனைவியும் இருந்த ரூமில் நாங்களும் ஒண்டிக்கொண்டோம். கணவரின் அண்ணன் எனக்கு மூத்தார்; அவருக்கு மில்லில் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தாரென்றால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா விடிவதற்குள் இட்லி அவித்துத் தெருமுனையில் விற்றுவிட்டு வருவாள்.

ரூமின் ஒரு மூலையில் சின்னக் கட்டைச்சுவர் எழுப்பி மோரி இருந்தது. குளிப்பது, பாத்திரம் கழுவுவது, இட்லிக்கு அரிசி உளுந்து களைவது எல்லாம் அங்கேதான். மோரியை ஒட்டி டிரங்குப் பெட்டிகள். மீதி இடத்தில் மூத்தார் படுத்திருப்பார். கதவுக்குப் போக வேண்டுமென்றால் அவர் காலைத் தாண்டாமல் போக முடியாது. கணவரின் அண்ணனோடு நான் பேசுகிற வழக்கம் இல்லை. அவரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார். அதனால் பகல் முழுக்கச் சுவரோடு சுவராக உட்கார்ந்திருப்பேன்.

பொதுக் கக்கூஸ் பெரியவர்களுக்கு. சின்னப் பிள்ளைகளைச் சந்தில் சாக்கடை ஓரம் உட்கார வைப்பார்கள். நாங்கள் வந்த புதிதில் ஒரு நாள் என் மகனை அங்கே உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே திரும்பினேன். சந்தில் திரிகிற பன்றிகளில் ஒன்று பின்னாலிருந்து வந்து மூக்கால் அவனை நெட்டித் தள்ளிவிட்டது. சாக்கடைக்குள் முகம் குப்புற விழுந்தான். தூக்கிக் கழுவி எடுத்தேன். அடி எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் அங்கே உட்கார மறுத்தான். வாசலைத் தாண்டினாலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவான்.

இரண்டு மூன்று நாள் கழித்து மலம் வந்தபோது கல்லாக வந்தது. கொஞ்சம் ரத்தமும் பட்டிருந்தது. அவன் போட்ட அலறலில் மூத்தார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் உண்மையான தொல்லை தொடங்கியது.

அதற்கப்புறம் அவனுக்கு வயிறு கலக்கும்போதெல்லாம் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவந்து விறைத்துப்போவான். முக்குகிறான் என்று நினைத்து நானும் அக்காவும் "முக்கு ராசா, முக்கு" என்போம். கொஞ்ச நேரத்தில் விறைப்பு தளரும். ஒன்றும் வந்திருக்காது. பட்டறையிலிருந்து வருகிறபோது என் கணவர் வாங்கி வரும் பிஸ்கட்டும் டப்பாப் பாலும்தான் அவனுக்குச் சாப்பாடு. சோற்றைக் கையால் தள்ளிவிடுவான்.

அக்காவுக்குத் தெரிந்த வைத்தியம் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துச் சொருகுவது. அது சரிப்படாதபோது சோப்பைக் கூராகச் சீவினாள். அவள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்வாள், நான் சொருகுவேன். வரத்தான் செய்தது. ஆனால் பிள்ளை உடம்பை முறுக்கிக்கொண்டு என் கையைக் கடித்தான். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை நான் தொட்டாலே போதும், கத்த ஆரம்பித்துவிடுவான். தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட என்னால் முடியவில்லை.

"ஏட்டி, அவுக ராத்திரி பூராம் மிசினுக்கிட்ட நின்னுட்டு வந்து கண்ணசருத நேரம்," என்பாள் அக்கா. "பிள்ளைய வாய மூடச் சொல்லு."

"அவனுக்கு வலிக்கிக்கா."

"வலிச்சா? வெளிய தூக்கிட்டுப் போ."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பம்பாய் மழையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. சந்தில் சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஒன்றாகி வாசற்படியைத் தொட்டு நின்றது. கதவைச் சாத்தி வைத்தால் உள்ளே அடுப்புப் புகை, ஈரத்துணி வாடை, தூங்குகிறவரின் மூச்சு. என் மடியில் பிள்ளை முனகுவான். சத்தம் கூடினால் என் சேலைத் தலைப்பால் அவன் வாயை மெல்லப் பொத்துவேன். எங்கேயாவது எழுந்து போய்விடலாம் என்று தோன்றும். எங்கே போவது? தெருப்பெயர் தெரியாது. ஹிந்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. கணவர் இருட்டின பிறகுதான் வருவார். அவரிடம் சொன்னால், "நான் என்ன செய்யட்டும் சொல்லு? இப்போ வேற ரூமு பாக்க ஏலுமா?" என்பார். அவர் குரலும் அந்த ரூமுக்குள்ளேயே கம்மித்தான் வரும்.

பிறகு அவன் டிராயரில் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுக ஆரம்பித்தது. அக்கா அதை வயிற்றுப்போக்கு என்றாள். சோறு கொடுக்காதே, ஆரோட்டுக் கஞ்சியும் பாலும் மட்டும் கொடு என்றாள். நானும் கொடுத்தேன். வயிறு தம்பட்டம் மாதிரி உப்பிவிட்டது. பிள்ளை பாலையும் கக்கினான். அன்றைக்கு ராத்திரி என் கணவர் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் பட்டறைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தார்.

மாட்டுங்காவில் தமிழ் பேசுகிற ஒரு லேடி டாக்டர் இருப்பதாகப் பட்டறையில் யாரோ சொல்லியிருந்தார்கள். மழைக்குள் நடந்தே போனோம். டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்தபோது, எத்தனை நாளாக நான் வாய்விட்டுப் பேசவில்லை என்பது தெரிந்தது. என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. டாக்டர் அம்மாள் பிள்ளையின் வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் நின்று முக்குவது வரைக்கும்.

"எப்படி நிக்கறான்? செஞ்சு காட்டு."

என் கணவரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுந்து காலைப் பின்னி நுனிக்காலில் நின்று காட்டினேன்.

"அவன் முக்கலை," என்றார். "அடக்கறான். வந்தா வலிக்குமேன்னு பயந்துண்டு உள்ளேயே பிடிச்சு வச்சுக்கறான். நீங்க முக்கு முக்குன்னு கத்தறேள். டிராயர்ல ஒழுகறதும் பேதி இல்லை. உள்ளே கெட்டியா அடைச்சுண்டிருக்கு, அதைச் சுத்திண்டு வழியறது."

நான் பின்னிய காலைப் பிரித்துக்கொண்டேன். அடைபட்டுக் கிடப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைக்கும் அதே பாடுதான் என்று மட்டும் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

சோப்பு, காம்பு எல்லாவற்றையும் அன்றோடு விடச் சொன்னார். மலத்தை இளக்க ஒரு பாட்டில் மருந்து கலந்து கொடுத்தார். பாலைக் குறைத்து, தண்ணீரும் பப்பாளியும் கொடுக்க வேண்டும். கிஸ்மிஸ் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரைக் காலையில் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு, கால் இரண்டும் தரையில் நன்றாகப் பதிகிற மாதிரி உட்கார வைக்க வேண்டும். வராவிட்டால் எழுப்பிவிட வேண்டும். திட்டவே கூடாது. "ஒரே நாள்ல சரியாயிடும்னு நினைக்காதே. பயம் போக மாசக்கணக்காகும்," என்றார்.

மருந்து இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் இளக்கியது. ஆனால் அவன் எங்கே உட்காருவான்? சந்தில் முழங்கால் தண்ணீர். ஒரு ராத்திரி என் கணவர் பட்டறையில் தானே செய்த ஒரு தகரச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை உட்காருகிற அளவுக்குத் தாழ்வாக, தொடையைக் கீறாதபடி விளிம்பில் கம்பி வைத்துச் சுருட்டியிருந்தார். நான் அதை டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். அவனே தேர்ந்தெடுத்த இடம் அது.

அக்கா பார்த்துவிட்டாள்.

"மோரிப் பக்கத்துலயா? இட்லிக்கு அரிசி களையுத எடம்ட்டி அது. தெருவுல தெரிஞ்சா எங்கிட்ட ஒருத்தன் வாங்கித் தின்பானா?"

"சட்டியிலதாங்க்கா இருப்பான். உடனே எடுத்துட்டுப் போயி கொட்டிருதேன். சாம்பலப் போட்டு மூடிருதேன்."

"நாத்தம் எங்க போவும்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ரூமில் எல்லோருடைய நியாயத்துக்கும் இடம் போதவில்லை. அவள் சட்டியை எடுக்கவும் இல்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் அக்கா பக்கத்து ரூமுக்குப் போயிருந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்த பிள்ளை டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டான். நான் டிராயரைக் கழற்றிச் சட்டியில் உட்கார வைத்தேன். "வேண்டாம், வேண்டாம்" என்று அழுதான். என் கை தானாக அவன் வாய்ப்பக்கம் போயிற்று. அந்த நேரம் மூத்தார் புரண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, கொடியில் கிடந்த கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"அழட்டும். வாயப் பொத்தாத," என்றார், கதவைப் பார்த்துக்கொண்டு. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரூமில் நானும் அவனும் மட்டும்தான். வந்த நாளிலிருந்து அப்படி நேர்ந்ததே இல்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முக்கச் சொல்லவில்லை. என் சேலையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு பலத்த குரலில் அழுதான். அழ விட்டேன். என் கண்ணிலும் நீர் வந்தது. பிறகு அவன் பாதங்கள் தரையில் அழுந்தின. அழுகை சட்டென்று நின்றது. வலிக்கவில்லை என்பதை நம்ப முடியாதவன் போல என் முகத்தைப் பார்த்தான்.

சாம்பலைப் போட்டு மூடி, சட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். எதிர் ரூமின் தகரக் கூரைக்கடியில் மூத்தார் நனைந்தபடி நின்றிருந்தார். நைட் ஷிஃப்ட் பார்த்த கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல், "ஆச்சா?" என்றார்.

"ஆச்சு," என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் சொல் அது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. நடுவில் பல தடவை அடக்கினான். மருந்தை நிறுத்த ஆறேழு மாதம் ஆயிற்று. அக்கா கடைசிவரைக்கும் அந்தச் சட்டியை ஏற்றுக்கொள்ளவில்லை. அரிசி களையும்போது டிரங்குப் பெட்டிக்கும் மோரிக்கும் நடுவே ஒரு பழைய சேலையைக் கட்டிவிடுவாள். மூத்தார் மட்டும், பிள்ளை அந்தப் பக்கம் போனால், தூக்கமாக இருந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பிள்ளை தேறிவிட்டான். நான் அதே ரூமில் இன்னும் சில வருஷம் இருந்தேன். அந்த வருஷத்து மழை விட்டபின் ஒரு சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்து சந்தாகத் தாண்டி ரயில் பாதை வரைக்கும் நடந்தேன். லோக்கல் வண்டிகள் கதவுவரைக்கும் ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போயின. அவன் ஒவ்வொரு வண்டிக்கும் கை காட்டினான். எந்த வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வார்த்தையும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றோம். மூத்தார் ஷிஃப்டுக்குக் கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது, சோறு கட்டிக் கொடுக்க வேண்டும். வந்த வழியை மறப்பதற்குள் திரும்பி நடந்தேன்.